இரண்டு பஞ்சுக் குச்சிகள்

அத்தியாயம் எட்டு

மூன்று வாரமாகத் தேடிச் சலித்த மூக்குக்கண்ணாடிக் கூடு, துப்புவின் மேஜைமேல் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

"யாரு கொண்டாந்தது?"

"நீங்க வேலைய விட்டுத் தூக்க வச்சீங்களே, அந்த லேப் அம்மா" என்றாள் சைரன். "லேப்ல மறந்துட்டு வந்திருக்கீங்க. ரெண்டு தடவ வந்து பாத்தாங்களாம், நம்ம கதவு பூட்டியிருந்துச்சாம். இன்னிக்கு மூணாவது தடவ."

துப்பு என்பது அவருடைய பெயர் இல்லை. முப்பது வருஷமாக ஊரில் காணாமல் போனதையும் கள்ளத்தனமாக வந்ததையும் துப்புத் துலக்கிக் கொடுத்து, எல்லோரும் 'துப்பு சார், துப்பு சார்' என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, சொந்தப் பெயர் அவருக்கே மறந்துபோய்விட்டது. சைரன் அவருடைய உதவியாள். வயது நாற்பத்தைந்து. பத்து வருஷம் ஆம்புலன்ஸ் ஓட்டியவள். பின்னால் படுத்திருந்தவர்கள் யாரும் பேச்சுக்குப் பேச்சு பதில் சொல்லாததால், அந்தக் குறையை இப்போது துப்புவிடம் தீர்த்துக்கொள்கிறாள்.

"ஏதாவது சொன்னாங்களா?"

"சொன்னாங்க. 'சார் அன்னிக்கு என்கிட்ட கோவமாவே பேசல, நன்றி சொல்லிடுங்க'ன்னாங்க. சோத்துல மண்ணள்ளிப் போட்டவருக்கு நன்றி! எனக்கே கண்ணு கலங்கிடுச்சு சார். நான் எதுக்கும் அழாத ஜென்மம்."

துப்புவுக்கு நெஞ்சில் சுருக்கென்றது. வழக்கு முடிந்துவிட்டது, அறிக்கையும் கொடுத்தாயிற்று, ஆஸ்பத்திரியும் 'பேஷ்' என்று சொல்லிவிட்டது. இருந்தும் மூன்று வாரமாக ஏதோ ஒன்று செருப்புக்குள் போன கல்லைப் போல உறுத்திக்கொண்டே இருந்தது.

வழக்கு இதுதான். ஒரு பெரிய ஆஸ்பத்திரி. அங்கே ஒரு அக்கா தன் தங்கைக்குச் சிறுநீரகம் கொடுத்தாள். வந்த உறுப்பை உடம்பு எதிரி என்று நினைத்துத் தாக்காமல் இருக்க ஸ்டீராய்டு மாத்திரை வேண்டும். ஆனால் அதே மாத்திரை சிலருக்குச் சர்க்கரை நோயை இழுத்துக்கொண்டு வந்துவிடும். யாருக்கு வரும், யாருக்கு வராது என்று ஜீன்களைப் படித்து முன்கூட்டியே மதிப்பெண் போடும் சோதனை ஒன்றை அந்த ஆஸ்பத்திரி ஆரம்பித்திருந்தது. கன்னத்தின் உட்பக்கத்தைப் பஞ்சுக் குச்சியால் தேய்த்துக் கொடுத்தால் போதும். வாங்குகிறவருக்கு மதிப்பெண் அதிகம் என்றால் ஸ்டீராய்டைச் சீக்கிரம் நிறுத்துவார்கள். கொடுக்கிறவருக்கு அதிகம் என்றால், அவரிடம் வாங்கவே மாட்டார்கள். ஒற்றைச் சிறுநீரகத்தோடு இருப்பவருக்குச் சர்க்கரையும் வந்தால் அவர் கதி என்ன ஆவது?

சோதனையில் தங்கைக்கு அதிகம், அக்காவுக்குக் குறைவு என்று வந்தது. அதன்படியே ஆபரேஷன் நடந்தது, ஸ்டீராய்டையும் சட்டென்று நிறுத்தினார்கள். மூன்றாம் மாதம் தங்கையின் உடம்பு புதுச் சிறுநீரகத்தைத் தாக்கிப் பாதியைத் தின்றுவிட்டது. டாக்டருக்குச் சந்தேகம். இருவருக்கும் ரத்தம் எடுத்து மறுபடி சோதித்தால், மதிப்பெண் தலைகீழ். அக்காவுக்குத்தான் அதிகம்! அக்கா தங்கைக்கு மற்றப் பொருத்தமெல்லாம் அச்சில் வார்த்த மாதிரி ஒன்றாக இருந்ததால், அதுவரை யாருக்கும் பொறி தட்டவில்லை.

எங்கே மாறியது என்று கண்டுபிடிக்கத்தான் துப்புவைக் கூப்பிட்டார்கள். அவர் பதினைந்து நிமிடத்தில் கண்டுபிடித்தார். லேப் அம்மாவுக்கு ஒரு பழக்கம். வருகிற ஒவ்வொரு குச்சியைப் பற்றியும் பதிவேட்டில் ஒரு வரி எழுதிவைப்பார். அக்காவின் எண்ணுக்கு நேரே 'பஞ்சில் ஆரஞ்சு நிறம்' என்று இருந்தது. ஆரஞ்சு மிட்டாய் சப்புகிறவர் யார்? தண்ணீர் குடிக்கக்கூடாது என்று டாக்டர் வாயைக் கட்டிவைத்த டயாலிசிஸ் நோயாளிதான் தாகத்துக்கு மிட்டாய் சப்புவார். அப்படியானால் அது தங்கையின் குச்சி. லேபிளை மாற்றி ஒட்டியது லேப் அம்மா. முடிந்தது கதை! தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டு, துப்பு கண்ணாடிக் கூட்டைக்கூட எடுக்காமல் வெளியே வந்துவிட்டார்.

அந்த அம்மா மறுத்துப் பேசவில்லை. "அப்ப நான்தான் தப்பா ஒட்டியிருக்கேன் போல" என்று அழுதார். அன்றே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இன்று நான்கு மணிக்கு ஆஸ்பத்திரிக் குழு கூடி அவரை நிரந்தரமாக வேலையைவிட்டு நீக்கப்போகிறது.

துப்பு கூட்டைக் கையில் எடுத்தார். ஒரு வெள்ளை லேபிள் ஒட்டியிருந்தது. 'துப்பு சார். கண்ணாடிக் கூடு. கண்டெடுத்த இடம்: லேப் மேஜை.' தேதி, மணி. லேபிளின் ஓரத்தில் ஒரு கையெழுத்து. பாதி லேபிளில், மீதி கூட்டின்மேல்.

அவர் விரல் அப்படியே நின்றது.

"சைரன், இந்த லேபிள உரிச்சு வேற டப்பால ஒட்ட முடியுமா?"

"ஒட்டலாம். கையெழுத்தோட தலை ஒரு டப்பால இருக்கும், வால் இன்னொரு டப்பால இருக்கும்."

"ஐயையோ!"

"என்ன சார்?"

"வண்டிய எடு. அந்த டியூபுங்களப் பாக்கணும்."

"அன்னிக்குப் பாத்தீங்கள்ல?"

துப்பு தலையைக் குனிந்துகொண்டார். "பதிவேட்ட மட்டும்தான் பாத்தேன்."

சைரன் சாவியை எடுத்தாள்.

லேபில் அப்போது பொறுப்பில் இருந்த நர்ஸ் குளிர்பெட்டியைத் திறந்து இரண்டு டியூப்களையும் எடுத்து வைத்தாள். துப்பு கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

அக்காவின் பெயர் போட்ட டியூபில் அக்காவின் கையெழுத்து. லேபிளில் தொடங்கி மூடிமேல் ஒட்டிய சீல்வரை பிசிறில்லாமல் ஓடியது. தங்கையின் டியூபிலும் அப்படியே. சோதனைக்கு மூடியின் நடுவில் ஊசி குத்தித்தான் எடுத்திருந்தார்கள்; கையெழுத்தில் ஒரு கோடுகூட முறியவில்லை. ஆனால் அக்காவின் டியூபுக்குள் இருந்த பஞ்சு, பழைய காவிச் சுவரைப் போல ஆரஞ்சாக இருந்தது.

"லேபிள எப்ப ஒட்டுவாங்க?" என்று நர்ஸிடம் கேட்டார்.

"முதல்லயே சார். ஒட்டி, பேர வாசிச்சுக் காட்டி, அப்புறம்தான் டியூப கையில குடுப்பாங்க. குச்சியத் தேச்சு, உள்ள போட்டு, மூடி, சீல் ஒட்டி, கையெழுத்துப் போடுறது எல்லாம் வர்றவங்களே செய்யணும். கையெழுத்துப் போடாம வாங்கவே மாட்டாங்க அந்தம்மா. அதுக்கே அவங்களோட சண்டை போட்டவங்க உண்டு."

"அவங்க தேய்க்கும்போது இவங்க பக்கத்துலயே நின்னு பாக்கணும்ல?"

நர்ஸ் தயங்கினாள். "பாக்கணும்னுதான் விதி. ஆனா சில பேருக்குக் குமட்டும் சார், மூக்கும் கண்ணும் ஒழுகும். யாராச்சும் பாத்தா கூசிப்போவாங்க. அதனால அந்தம்மா சுவரப் பாத்துத் திரும்பிக்குவாங்க. எதிர்ல அந்தக் காலண்டர் தொங்குது பாருங்க, அந்தத் தேதியெல்லாம் அவங்களுக்கு மனப்பாடம்."

"மரியாதை குடுத்துத் திரும்பினாங்க, முதுகுல குத்து வாங்கினாங்க" என்றாள் சைரன்.

லேபிள் மாறவில்லை. டியூப் மாறவில்லை. மாறியது குச்சி மட்டும். அந்த அம்மா காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு நிமிடத்தில், அந்த இரண்டு பேரில் யாரோ ஒருத்தி மாற்றியிருக்கிறாள்.

துப்பு ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தார். இரண்டே நிமிட வேலை. இந்தக் குளிர்பெட்டியை அன்றே திறக்கச் சொல்லியிருந்தால் இருபது வருஷம் உழைத்த ஒரு பெண்மணி மூன்று வாரம் தன்னைத்தானே குற்றவாளி என்று நினைத்துக்கொண்டு வீட்டில் கிடந்திருக்க மாட்டார். பாவி, நான் பாவி என்று அவர் மனசு அடித்துக்கொண்டது.

"மணி ரெண்டே கால்" என்றாள் சைரன். "உக்காந்து வருத்தப்பட நேரமில்ல சார். வண்டியில வருத்தப்படுங்க, நான் ஓட்டுறேன்."

அக்கா தங்கை வீட்டின் முன்னறையே பட்டறை. மூத்தவள் பழைய சோபாக்களுக்குத் துணி மாற்றிக் கொடுக்கிறவள். ஒரு சோபா எலும்புக்கூடாக நின்றது. நாலைந்து சிறிய ஆணிகளை உதட்டில் கவ்விக்கொண்டு, ஒவ்வொன்றாக எடுத்து அடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் சர்க்கரை போடாத காபி ஆறிக்கொண்டிருந்தது. மறுசோதனை முடிவு வந்ததிலிருந்து அவளுக்கு அதுதான் விதி.

துப்பு வளைத்துப் பேசவில்லை. டியூபில் பார்த்ததைச் சொன்னார். உள்ளறைக் கதவு ஒரு விரல் அளவுக்குத் திறந்திருந்ததை சைரன் கண்ணால் காட்டினாள்.

"அதனால லேபிள் மாறல. உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் குச்சிய மாத்தியிருக்கீங்க. அந்தம்மா மேல தப்பில்ல. இன்னிக்கு நாலு மணிக்கு அவங்கள வேலைய விட்டே எடுக்கப் போறாங்க."

மூத்தவள் சுத்தியலைக் கீழே வைத்தாள். ஆணிகளை உள்ளங்கையில் துப்பினாள். எங்கோ பார்த்தாள். பிறகு திடுமென்று சொன்னாள்:

"நான்தான் மாத்தினேன்."

"நீங்களா?"

"ஆமா. எனக்கு அதிகம்னு வந்தா என்கிட்ட வாங்க மாட்டாங்களே. அந்தப் பயத்துல மாத்திட்டேன். என் தங்கச்சிக்கு ஒண்ணும் தெரியாது. எங்க வேணா வந்து சொல்றேன். வாங்க, இப்பவே போலாம்."

சைரன் துப்புவின் காதைக் கடித்தாள். "கேஸ் முடிஞ்சுது சார். கெளம்புங்க."

துப்பு கிளம்பவில்லை. போன தடவையும் இப்படித்தான் பதினைந்து நிமிடத்தில் முடிந்தது.

"சரிம்மா. உங்க தங்கச்சி குச்சிய எடுத்து உங்க டியூப்ல போட்டீங்க. அந்தக் குச்சி எப்படி இருந்துச்சு?"

"எப்படி இருக்கும்? குச்சி மாதிரிதான் இருந்துச்சு."

"பஞ்சு?"

"வெள்ளையா இருந்துச்சு."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"என்ன சார் யோசிக்கிறது? பஞ்சு வெள்ளையாத்தான் இருக்கும். வாய்க்குள்ள என்ன சாயமா காய்ச்சுறோம்?"

உள்ளறைக் கதவு முழுசாகத் திறந்தது.

"ஆரஞ்சு" என்றது ஒரு குரல்.

இளையவள் நின்றிருந்தாள். முகக்கவசத்தைக் கீழே இழுத்துவிட்டிருந்தாள். மாத்திரைகளால் கன்னம் உப்பியிருந்தது, கண்கள் மட்டும் குழி விழுந்திருந்தன.

"நல்ல ஆரஞ்சு நிறமா இருந்துச்சுக்கா. நீ பாக்கவே இல்ல. நான்தான் பாத்தேன்."

"நீ உள்ள போடி!" என்று மூத்தவள் சீறினாள்.

"போதும்க்கா." இளையவள் சோபாச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். "அன்னிக்கு அக்காவுக்குக் குமட்டிடுச்சு சார். கண்ணுல தண்ணி ஊத்துது, குனிஞ்சுக்கிட்டா. 'நீயே போட்டுடு'ன்னு குச்சிய என் கையில குடுத்தா. அந்தம்மா சுவரப் பாத்துத் திரும்பி நின்னாங்க. என் கையில ரெண்டு குச்சி. எதிர்ல ரெண்டு டியூப். ஒரு நொடிதான் சார்."

"அக்காவுக்குத்தான் அதிகம் வரும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது. அக்கா அச்சு அசல் எங்கம்மா. மூக்கு, நடை, கோவம் எல்லாம். எங்கம்மா சர்க்கரையிலதான் போனாங்க. நான் அப்பா மாதிரி. அதுதான் எனக்குத் தெரிஞ்ச ஜீனு." அவள் சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "அதுக்கு முந்தின வாரம் என்னோட டயாலிசிஸ் பண்ணிக்கிட்டவரோட தம்பிய வேணாம்னு திருப்பி அனுப்பிட்டாங்க. மதிப்பெண் அதிகமாம். அவரு பெஞ்சுல உக்காந்து பிள்ள மாதிரி அழுதாரு. எனக்குப் பயம் வந்துடுச்சு. ஒரு நாளைக்கு ரெண்டு டம்ளர் தண்ணி சார். ராத்திரி கனவுலகூட தண்ணிதான். என் அக்கா பக்கத்துலயே உக்காந்திருக்கா, அவகிட்ட ரெண்டு இருக்குன்னு மட்டும்தான் தோணுச்சு. அவளுக்கு அப்புறம் என்ன ஆகும்னு தோணல. இல்ல, பொய் சொல்லக் கூடாது. தோணுச்சு. இருந்தும் போட்டேன்."

கிளம்பச் சொன்ன சைரன் வண்டிச் சாவியைப் பைக்குள் போட்டாள்.

"அந்தத் திருட்டுதான் என்னையே தின்னுச்சு" என்றாள் இளையவள். "எனக்கு அதிகம்னு நெனச்சு மாத்திரைய நிறுத்தினாங்க. பாதி போச்சு. அக்காகிட்ட ஏமாத்தி வாங்கினதக் காப்பாத்தவும் துப்பில்லாமப் போச்சு."

மூத்தவள் உள்ளங்கை ஆணிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கு எப்பக்கா தெரியும்?"

"இப்பத்தான். சார் 'ரெண்டு பேர்ல ஒருத்தர்'னாரு. குமட்டினது ஞாபகம் வந்துச்சு. உன் கையில குடுத்தது ஞாபகம் வந்துச்சு." குரல் உடைந்தது. "ஏன்டி, என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா நானே மாத்திப் போட்டிருப்பேனேடி! கேக்காம எடுத்துக்கிட்டியே."

இளையவள் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மூத்தவள் எழுந்து போய்த் தூக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஆணிகளை ஒரு டப்பாவில் போட்டுவிட்டு, ஆறிப்போன காபியைத் தங்கையின் பக்கமாக நகர்த்தி வைத்தாள். அவ்வளவுதான்.

"லேப் அம்மா இங்க வந்தாங்க சார்" என்றாள் இளையவள், தலையைத் தூக்காமல். "மூணு தடவ. அந்த வெயில்ல பஸ்ஸு மாறி. 'என்னால உன் சிறுநீரகம் பாதி போச்சும்மா, மன்னிச்சிரு'ன்னு கையப் பிடிச்சுக்கிட்டு அழுதாங்க. நான் 'பரவாயில்லம்மா'ன்னு சொன்னேன். மூணு தடவையும் சொன்னேன் சார்!"

அந்த மூன்று பஸ் பயணத்துக்கும் டிக்கெட் எடுத்துக் கொடுத்தது துப்புவின் அறிக்கை அல்லவா?

"நீங்க வந்து சொல்லணும்மா" என்றார்.

"சொன்னா எனக்கு வைத்தியத்த நிறுத்திடுவாங்களா?"

பொய் சொல்லிக் கூட்டிப்போகலாம். துப்பு இதைவிடப் பெரிய பொய்யெல்லாம் சொல்லியிருக்கிறார். "தெரியாது. நிறுத்தக் கூடாதுன்னு நான் சண்டை போடுவேன். ஆனா நிச்சயமாத் தெரியாது."

இளையவள் அக்காவைப் பார்த்தாள். மூத்தவள் ஆணியில் தொங்கிய கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"எந்திரி. தனியாவா போவ?"

"ஏறுங்க, ஏறுங்க" என்று சைரன் சாவியை ஆட்டினாள். "பத்து வருஷத்துல யாரையும் நான் லேட்டாக் கொண்டு போனதில்ல. ஒண்ணு ரெண்டு பேரு வழியிலயே எறங்கிட்டாங்க, அது அவங்க அவசரம்."

மூத்தவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அழுதாள்.

நான்கு அடிக்க ஐந்து நிமிடம் இருந்தது. குழு கூடும் அறைக்கு வெளியே, நீளமான பெஞ்சின் ஓரத்தில் லேப் அம்மா உட்கார்ந்திருந்தார். மடியில் இஸ்திரி போட்டு மடித்த வெள்ளைக் கோட்டு. திருப்பிக் கொடுக்கக் கொண்டுவந்தது. அதன்மேலும் ஒரு லேபிள், தேதி, மணி, ஓரத்தில் கையெழுத்து.

வராந்தாவில் அரக்கப் பரக்க வந்த நால்வரில் அவர் கண்ணுக்கு இளையவள் மட்டும்தான் பட்டாள். கோட்டை பெஞ்சில் வைத்துவிட்டுச் சட்டென்று எழுந்து நின்றார்.

"நீ ஏம்மா இந்த உடம்போட அலையுற? நான்தான் உள்ள போய் எல்லாத்தையும் ஒத்துக்கப் போறேனே. ஒனக்கு நான் பண்ணினது..."

"அம்மா, சொல்லாதீங்க."

"...கொஞ்ச நஞ்சமா? மன்னிச்சிரும்மா."

நான்காவது தடவை. இளையவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். மூத்தவள் அவள் முதுகில் ஒரு விரலை வைத்து மெல்ல முன்னால் தள்ளினாள்.

"குச்சிய நான்தான் மாத்தினேம்மா" என்றாள் இளையவள். "நீங்க சுவரப் பாத்துட்டு நின்னப்ப. நீங்க ஒட்டினதுல ஒரு தப்பும் இல்ல."

லேப் அம்மா அவளையே பார்த்தார். பிறகு துப்புவைப் பார்த்தார். பேயறைந்த மாதிரி பெஞ்சில் உட்கார்ந்தார்.

"நான் சரியாத்தான் ஒட்டினேனா?"

"சரியாத்தான் ஒட்டினீங்க. நான்தான் சரியாப் பாக்கல" என்றார் துப்பு. முப்பது வருஷத்தில் யாரிடமும் சொல்லாத வார்த்தை. கண்ணாடிக் கூட்டைப் பையிலிருந்து எடுத்தார், லேபிள் கிழியாமல் அப்படியே இருந்தது. "உள்ள இதத்தான் காட்டப் போறேன். அப்புறம் அந்த ரெண்டு டியூபையும்."

"மூணு வாரமா எனக்குத் தூக்கமே இல்ல சார்" என்றார் லேப் அம்மா. கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் துப்புவால் தாங்கியிருக்க முடியும்.

இளையவள் அவர் காலடியில் குந்தி உட்கார்ந்தாள். "உங்ககிட்ட மூணு மன்னிப்பு வாங்கி வச்சிருக்கேன்மா. எனக்குச் சேர வேண்டியதில்ல அது. திருப்பிக் குடுத்துடறேன். நீங்க என்னை மன்னிக்க வேணாம். கோவமா ஒரு வார்த்த திட்டுங்க, போதும்."

லேப் அம்மா திட்டவில்லை. அவள் முகத்தையும் பார்க்கவில்லை. மெதுவாகத் திரும்பி, வராந்தாச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். அவருக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். அழுகிறவர்களை அவர் பார்ப்பதில்லை.

கதவு திறந்தது. "லேப் அம்மா உள்ள வரலாம்" என்றார் பியூன்.

இளையவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். பெஞ்சில் இருந்த வெள்ளைக் கோட்டை எடுத்து, லேபிளை உரித்து, அந்த அம்மாவின் தோளில் போர்த்திவிட்டாள்.

"அவங்க இல்ல" என்று பியூனிடம் சொன்னாள். "முதல்ல நான் வர்றேன்."